பைக்குள் ஓர் அலுவலகம்: வெளியூரிலிருந்து வேலை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், தென்காசிப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனபோது என் பையின் எடை ஒன்பது கிலோ. மடிக்கணினி, செங்கல் கனத்தில் அதன் சார்ஜர், இரண்டாவது திரை, மவுஸ் இரண்டு, பெயர் தெரியாத கேபிள்கள் ஒரு கொத்து. இவ்வளவு சுமந்து போயும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலை நின்றுவிட்டது. அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முந்தைய நாள் செய்தித்தாளிலேயே அறிவிப்பு வந்திருந்ததாகவும், மாலை ஐந்து மணிக்குத்தான் மின்சாரம் வரும் என்றும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா நிதானமாகச் சொன்னார். என்னிடம் பவர் பேங்க் இருந்தது. அது கைப்பேசிக்கு மட்டும் உழைக்கும் வகை. மடிக்கணினியில் செருகினால் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை.

அன்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். பைக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் நான் நேரில் பட்ட ஏதாவது ஓர் அவதிக்குப் பதிலாக இருக்க வேண்டும். எந்த அவதி என்று சொல்ல முடியாத பொருள் வீட்டிலேயே கிடக்கட்டும். இப்போது பையின் எடை நான்கு கிலோ. என் தொழில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும். காணொளி தொகுப்பவர்களும் வடிவமைப்பாளர்களும் கீழே உள்ள எண்களைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும், முறை மாறாது.

முதல் படி: ஒரு வாரக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை வாரம் முழுவதும் மூன்று விஷயங்களை மட்டும் குறித்து வாருங்கள்: எந்த மென்பொருளில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், அதில் இணையம் இல்லாமலே செய்திருக்கக்கூடியது எவ்வளவு, இரண்டாவது திரை இல்லாமல் எத்தனை முறை கை தடுமாறியது.

என் கணக்கு எனக்கே வியப்பாக இருந்தது. எட்டு மணி நேர வேலையில் இணையம் கட்டாயம் தேவைப்பட்டது இரண்டரை மணி நேரம்தான். மீதி நேரம் அகராதிக்காகவும் பழைய கோப்புகளுக்காகவும் இணையத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். அகராதிகளையும் அந்தந்த வாரத்துக்கான கோப்புகளையும் கணினிக்குள் இறக்கி வைத்துக்கொண்டதும் 'சிக்னல் இல்லை' என்ற கவலையில் பாதி கழன்றுவிட்டது. அதற்காக ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

இரண்டாம் படி: கணினி

'எடுத்துச் செல்லும் கணினி' என்ற பெயரோடு 1981இல் சந்தைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 கிட்டத்தட்ட 11 கிலோ எடை. திரை ஐந்து அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. இரண்டே ஆண்டுகளில், 1983இல், டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற மடிக்கணினி வந்தது. திரையில் எட்டு வரிகள்தான் தெரியும். ஆனால் நான்கு பென்சில் பேட்டரிகளில் சுமார் இருபது மணி நேரம் ஓடும், எழுதியதைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்ப உள்ளேயே மோடமும் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகை நிருபர்கள் அதைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தார்கள். கணினி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த எட்டு வரித் திரைதான்.

உங்களிடம் இருக்கும் மடிக்கணினியே போதுமா என்று முதலில் பாருங்கள். சோதிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, அது டைப்-சி போர்ட் வழியாக மின்சாரம் ஏற்றுக்கொள்கிறதா? டைப்-சி போர்ட் இருப்பதாலேயே அது சார்ஜ் ஏற்றும் என்று சொல்லிவிட முடியாது. சிலவற்றில் அது கோப்புகளை மாற்ற மட்டும்தான். கையேட்டைப் பாருங்கள், அல்லது நண்பரின் 65 வாட் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

இரண்டு, பேட்டரியின் கொள்ளளவு. பேட்டரியின் மேலோ விவரக்குறிப்பிலோ ஆங்கிலத்தில் 'டபிள்யூஎச்' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். 50 வாட்-மணி பேட்டரியும், எழுத்து வேலையில் சராசரியாக 8 வாட் குடிக்கும் கணினியும் என்றால் ஆறு மணி நேரம் வரும். காணொளி அழைப்பில் அதே கணினி 15 வாட் குடித்தால் மூன்றேகால் மணி நேரம். விளம்பரத்தில் போட்டிருக்கும் 'பதினெட்டு மணி நேரம்' திரை வெளிச்சத்தை மங்கலாக்கி எடுத்த கணக்கு. பேட்டரி பழையதானால் முழுக் கொள்ளளவும் தேறாது. விண்டோஸ், மேக் இரண்டுமே பேட்டரியின் இன்றைய நிலையைக் காட்டும். வாங்கிய நாளில் இருந்ததில் 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், புதுக் கணினிக்கு ஆசைப்படுவதற்கு முன் பேட்டரியை மாற்ற என்ன ஆகும் என்று விசாரியுங்கள்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் 13 அல்லது 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி நினைவகம், முடிந்தால் கண் கூசாத மங்கல் திரை. கண்ணாடி போல மின்னும் திரை கடையில் அழகாக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் அதில் உங்கள் முகமும் எதிர்வீட்டு வேப்பமரமும்தான் தெரியும்.

கணினியே வேண்டாம், கைப்பேசியும் விசைப்பலகையும் போதும் என்பவர்கள் உண்டு. சாம்சங் 2017இல் கொண்டுவந்த டெக்ஸ் வசதியால் சில கைப்பேசிகளைத் திரையில் இணைத்துக் கணினி போலவே பயன்படுத்தலாம். லாட்ஜ் அறையில் இருக்கும் டிவியே திரை ஆகிவிடும் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன். டிவியைச் சுவரோடு சுவராக அறைந்திருந்தார்கள், பின்பக்கம் விரல் நுழைய இடமில்லை. மின்னஞ்சலுக்கும் சிறு திருத்தங்களுக்கும் இந்த வழி சரி. மாதச் சம்பளத்தை அதை நம்பி வைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: மின்சாரம்

வெளியூர் வேலையில் முதலில் காலை வாருவது இதுதான். அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சார்ஜர். கணினிக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, ஹெட்செட்டுக்கு ஒன்று என்று சுமக்காதீர்கள். 65 வாட் காலியம் நைட்ரைடு சார்ஜர் ஒன்று போதும். கடையில் 'கேன் சார்ஜர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சிலிக்கானைவிடக் குறைந்த வெப்ப இழப்போடு வேலை செய்வதால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இரண்டு போர்ட்டுகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் 65 வாட் பிரிந்துவிடும். 45 ஒரு பக்கம், மிச்சம் மறுபக்கம் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. சிறிய மடிக்கணினிக்கு 45 போதும்.

கேபிள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை கடத்தும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் தன் திறனைச் சொல்லும் ஒரு சில்லு இருக்கும். '100 வாட்' அல்லது '240 வாட்' என்று அச்சிட்ட கேபிளாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரே பழுதென்று நினைத்து நான் தூக்கிப்போட இருந்த ஒன்றில் குற்றவாளி கேபிள்தான்.

பவர் பேங்க். அன்று என்னைக் கைவிட்டது எது என்று பிறகுதான் புரிந்தது. 20,000 மில்லியாம்பியர்-மணி என்ற பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியிருந்தேன். அது வெளியே தருவது அதிகபட்சம் 22.5 வாட், கைப்பேசிகளின் வேகத்துக்கு ஏற்றாற்போல் அமைந்தது. மடிக்கணினிக்கு 'பவர் டெலிவரி' முறையில் 45 அல்லது 65 வாட் தரும் பவர் பேங்க் வேண்டும். கொள்ளளவைக் கணக்கிடுவது சுலபம்: 20,000 மில்லியாம்பியர்-மணி என்பது 20 ஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 60. ஐம்பது வாட்-மணிக் கணினியை ஒருமுறை முழுதாக நிரப்பலாம். கணினியில் இருப்பது ஆறு மணி நேரம், இதிலிருந்து இன்னொரு ஆறு மணி நேரம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரையிலான மின்தடையை இதை வைத்தே கடந்துவிடலாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்க் எதுவானாலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. பயணத்தின்போது அதைப் பயன்படுத்தவும் கட்டுப்பாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் ஏற்றுவதைத் தடை செய்தது. கிளம்புமுன் உங்கள் நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். எண் அழிந்துபோன பவர் பேங்க் என்றால் சோதனையில் பறிபோகலாம்.

ரயில். சில பெட்டிகளில் பிளக் பாயின்ட்டின் மேல் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம். உங்கள் சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் அது தானே ஒத்துப்போகும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த பிளக் பாயின்ட்டில் கனமான சார்ஜர் நிற்காது. வண்டி குலுங்கும்போதெல்லாம் கழன்று விழும். ஒரு முழ நீளக் கம்பியோடு வரும் சின்ன எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதன் லேசான பிளக் மட்டும் மேலே நிற்கும், சார்ஜர் இருக்கையில் படுத்திருக்கும். தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் இணைப்பை நிறுத்திவைக்கும் நடைமுறையும் ரயில்களில் உண்டு. பொதிகை போன்ற இரவு வண்டியில் ஏறிவிட்டுப் படுக்கப் போகும்போது செருகினால் போதும் என்று இருந்துவிட்டால், விடியும்போது கைப்பேசி செத்திருக்கும். ஏறியவுடன் செருகுங்கள்.

லாட்ஜ். சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், வெளியே போகும்போது அட்டையோடு சார்ஜும் போய்விடும். சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் பேட்டரி நிரம்பியிருக்கும் என்று நம்பித் திரும்பினால் ஏமாற்றம்தான். வரவேற்பில் இருப்பவரிடம் எந்த பிளக் பாயின்ட் எப்போதும் உயிரோடு இருக்கும் என்று கேளுங்கள். ஒன்றாவது இருக்கும், பெரும்பாலும் குளிர்பதனப் பெட்டியின் பின்னால்.

ஊரில் ஒரே வீட்டில் வாரக்கணக்கில் தங்குகிறீர்கள், அங்கே பிராட்பேண்ட் இருக்கிறது என்றால், மோடத்துக்கான 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கி அங்கேயே வைத்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் சில மணி நேரம் வைஃபை நிற்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அது எந்த பிளக் பாயின்ட்டுக்கு ஓடுகிறது என்பதைப் போன அன்றே சோதித்துவிடுங்கள். பல வீடுகளில் அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான்.

நான்காம் படி: இணையம்

வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் கார்டுகள். இதைவிடப் பயனுள்ள அறிவுரை இந்தப் பகுதியில் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் என்பது ஒரே பாலத்தில் இரண்டு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது போல. எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்தத் தெருவில் நிற்கும் என்பதை நிறுவனத்தின் வரைபடம் சொல்லாது. அந்தத் தெருவில் பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் பையன்கள் சொல்வார்கள்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதும், தனி டாங்கிள் வேண்டியதில்லை. கைப்பேசியைக் கணினியோடு கேபிளில் இணைத்தும் இணையம் பெறலாம்; இணைப்பு நிலையாக இருக்கும், கைப்பேசிக்கும் சார்ஜ் ஏறும். வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் ஜன்னலோரம் மட்டும் கிடைக்கிறதா? கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு நீங்கள் உள்ளே உட்காருங்கள். இடையில் சுவர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும். 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் 4ஜியில் நிறுத்தி வையுங்கள், பேட்டரியும் மிஞ்சும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மே மாத மதியத்தில் கைப்பேசி கொதித்துத் தானாக அணைந்துவிடும். நிழல் பார்த்து வையுங்கள்.

தினம் 1.5 அல்லது 2 ஜிபி தரும் திட்டங்களில் அளவு தீர்ந்தால் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிடும். அதில் மின்னஞ்சல் திறப்பதற்குள் ஒரு காபி ஆறிவிடும். ஒரு மணி நேரக் காணொளி அழைப்பே ஒரு ஜிபியைத் தின்றுவிடக்கூடும். கணினியின் வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால் விண்டோஸ் தன் பெரிய மேம்படுத்தல்களைத் தள்ளிப்போடும். மேகச் சேமிப்பின் (கிளவுட்) தானியங்கி ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள். கூட்டங்களில் உங்கள் படத்தை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுங்கள். யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை.

ரயிலில் இணையம் கிடையாது என்று வைத்தே திட்டமிடுங்கள், கிடைத்தால் லாபம். பெரும்பாலான நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனத்தின் ரெயில்வயர் வைஃபை இருக்கிறது. முதல் 30 நிமிடம் இலவசம். வண்டிக்குக் காத்திருக்கும்போது கோப்பை அனுப்ப அது போதும். வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலையைச் சொந்த ஹாட்ஸ்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கழுத்து

மடிக்கணினியின் பிறவிக் குறை இது. விசைகளும் திரையும் ஒட்டிப் பிறந்தவை. கை சுகமாக இருந்தால் கழுத்து குனியும், கழுத்து நிமிர்ந்தால் கை அந்தரத்தில் தொங்கும். நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், மடக்கும் ஸ்டாண்ட் ஒன்று, தனி விசைப்பலகை ஒன்று, மவுஸ் ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். ஸ்டாண்டை மறந்துவிட்டால் கவிழ்த்த அரிசி டப்பாவும் நான்கு தடித்த புத்தகங்களும் அதே வேலையைச் செய்யும். தலையணை மட்டும் வேண்டாம், காற்று போகும் துவாரங்களை அடைத்துவிடும்.

தரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நாற்காலி மேசையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் சம்மணமிட்டு எழுதிய சாய்வு மேசை அம்மா வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. துடைத்து எடுத்துப் பார்த்தேன். விசைப்பலகைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை கால் மரத்துப்போகும், எழுந்து நடக்க வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான்.

ரயிலின் நாற்காலிப் பெட்டியில் முன்னிருக்கையின் மடிப்பலகையில் கணினியை வைப்பவர்கள் கவனிக்க: முன்னால் இருப்பவர் திடீரென்று சாய்ந்தால் திரையின் மேல் விளிம்பு இருக்கைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதலிலேயே "சார், சாய்வதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டு வைப்பது பழுதுபார்ப்புச் செலவைவிட மலிவு.

இரண்டாவது திரை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாக வேண்டிய எனக்கே அது ஆசைதான். ஆனால் 15 அங்குலத் திரை உறையோடு ஒரு கிலோவை நெருங்கும், கணினியின் பேட்டரியிலிருந்தே 8 முதல் 10 வாட் உறிஞ்சும். எழுத்து வேலைக்கு 8 வாட் குடிக்கும் கணினியோடு சேர்த்தால் ஆறு மணி நேரம் மூன்றாகிவிடும். பத்து நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கினால் மட்டும் எடுத்துப் போங்கள்.

ஹெட்செட் கம்பி வைத்ததாக, வாய்க்கருகில் மைக் நீட்டியதாக இருக்கட்டும். எங்கள் பக்கம் அம்மன் கோவில் கொடை வந்துவிட்டால் ஒலிபெருக்கி ஓயாது. சத்தத்தை வடிகட்டும் மென்பொருள்கள் வில்லுப்பாட்டின் முன்னால் தோற்றுப்போவதைக் கண்கூடாகப் பார்த்தேன். வாய்க்கு இரண்டு விரல் தள்ளி மைக் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். கொடை நாள்களில் கூட்டமே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

ஆறாம் படி: தமிழ்த் தட்டச்சு

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. கைப்பேசித் திரையில் தமிழ் தட்டச்சு நன்றாக வருவதால், புளூடூத் விசைப்பலகையை இணைத்தாலும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளி விசைப்பலகைக்கான தமிழ் அமைப்பு தனியானது, அதைக் கைப்பேசியின் அமைப்புகளில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், சில செயலிகளில் அது கிடையவே கிடையாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 அமைப்பில் எழுதுகிறவர்களானாலும், ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பில் எழுதுகிறவர்களானாலும், வீட்டிலேயே ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். 'ஸ்ரீ' வருகிறதா, 'ஔ' வருகிறதா, மேற்கோள் குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் கெடு நெருங்கும் இரவில் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. பழைய எழுத்துருவில் கோப்பு அனுப்பும் அச்சகத்தாரோடு வேலை என்றால் அந்த எழுத்துருவையும் அதை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளையும் கணினியில் ஏற்றி, இணையமில்லாமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

ஏழாம் படி: தொலைந்தால்?

பை தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், போனது கருவி மட்டும். இல்லையென்றால் வாடிக்கையாளரின் கோப்புகளும் போயிற்று. விண்டோஸிலும் மேக்கிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, இன்றே இயக்கிவிடுங்கள். அதன் மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். கோப்புகளின் பிரதி ஒன்று சிறிய எஸ்எஸ்டியில், அது வேறு பையில். இன்னொன்று மேகத்தில்.

பலரும் மறப்பது கைப்பேசி தொலையும் நிலையை. எல்லாக் கணக்குகளுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். மின்னஞ்சல் சேவைகள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ஒன்றைப் பணப்பையிலும் ஒன்றை வீட்டில் நம்பகமானவரிடமும் வைத்திருங்கள். இரண்டு முக்கியமான தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எனக்கு அம்மாவின் எண்ணே தெரியாமல் இருந்தது.

எட்டாம் படி: உட்கார ஓர் இடம்

வீட்டில் கூட்டம், லாட்ஜில் மேசை இல்லை என்றால் நூலகங்களை மறக்க வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிர்சாதன வசதியோடு நீண்ட நேரம் உட்காரத்தக்கவை. சென்னை கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் பகிர்ந்து பணியாற்றும் இடமும் உண்டு. எங்கே போனாலும் கணினிக்கு எந்தப் பகுதியில் அனுமதி என்று வாசலிலேயே கேளுங்கள். அழைப்புகளுக்கு நூலகம் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், வேலை நாள் ஒன்றில், வீட்டு வைஃபையை அணையுங்கள். சுவரிலிருந்து எல்லாச் சார்ஜர்களையும் கழற்றுங்கள். பைக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை உட்காருங்கள். எழுந்து போய் எதையாவது எடுத்து வந்தால் அதை நோட்டில் எழுதுங்கள். இரண்டு மணிக்கு, தொடாமலே கிடந்த பொருள்களைப் பையிலிருந்து வெளியே எடுங்கள்.

என் முதல் ஒத்திகையில் ஐந்து முறை எழுந்தேன். கண்ணாடி துடைக்கும் துணிக்கு, பேனாவுக்கு, மூன்று முறை மவுஸ் பேட்டரிக்கு. பேட்டரி வேண்டாத கம்பி மவுஸ் அன்று பைக்குள் வந்தது. கூடவே ஒரு பென்சில் பெட்டியும் வந்தது: கேபிள்கள் எல்லாம் அதற்குள், ஒவ்வொன்றிலும் வாட் எண் எழுதிய வெள்ளை ஒட்டுத்தாள். சென்ற பயணத்தில் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, கேபிள்களை ஓரமாக ஒதுக்கி, ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைச் செருகி அனுப்பினார். எடை நாலேகால் கிலோ.